நெட்டை விதையும் தொண்ணூறு பவுண்டும்

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, மண் ரோட்டில் மாடு நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு, அடுத்தவன் கோதுமையைப் பார்க்கப் போவார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, யார் விதைப்பில் சால் கோணல், யார் வயலில் காட்டுக்கடுகு, யாருக்குப் பச்சை பத்தவில்லை என்று வரிசையாகத் தீர்ப்புச் சொல்வார்கள். பாஸ்டர் சொன்னது மறந்துபோகும், இது மறக்காது. அடுத்தவன் பயிரில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டு வந்தால் மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

அந்த ஜூலையில் காட்லீப் ஹய்பலின் வடக்கு நிலத்தைப் பார்க்க வந்த அளவு கார்கள் வேறு எந்த வயலுக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

வடக்கு டகோட்டாவில், ரயில் பாதையை ஒட்டி நிற்கிற எங்கள் ஊர் தானியக் கிடங்குக்கு நான் அப்போது மேலாளர். கோதுமை வாங்குவது, எடை போடுவது, உரமும் வேலி ஆணியும் விற்பது எல்லாம் என் கையில். அதனால் யார் எதைப் போட்டார்கள், எதை எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி அவரவர் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. நான் சொல்ல வருவது எழுபதுகளின் நடுவில் நடந்தது. குட்டைக் கோதுமை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாதிப் பேர் அதற்கு மாறியிருந்தார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரித்தவர்களில் முதல் ஆள் காட்லீப். அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் எந்நேரமும் வறுத்த சூரியகாந்தி விதை இருக்கும். கடைவாயில் ஒன்றை உடைத்துத் தோலைத் துப்பிவிட்டுத்தான் எதற்கும் பதில் சொல்வார். நாற்பது கறவை மாடு, அப்பன் விட்டுப்போன நிலம், பெண்டாட்டி ஃப்ரீடா. மகன் வெர்னன் ஃபார்கோவில் இன்ஷூரன்ஸ் விற்கிறான், மாட்டுச் சாணி வாசனையே ஆகாது. மகள் ஆர்டெல்லா ஜேம்ஸ்டவுனில் ஒரு ரயில்வேக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, அது சரிப்படாமல் திரும்பி வந்தவள். வந்ததிலிருந்து அந்த நாற்பது மாட்டையும் அவள்தான் கறந்தாள், டிராக்டரும் அவள்தான் ஓட்டினாள். சம்பளம் கிடையாது. மகளுக்கு எதற்குச் சம்பளம் என்பது எங்கள் ஊர் நியாயம். நிலம் என்றால் மகனுக்கு, மகன் வேண்டாம் என்றால் மருமகனுக்கு, அவனும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு. மகளுக்கு நிலம் எழுதிய ஆள் எங்கள் வட்டாரத்திலேயே கிடையாது.

அவள் கேட்டாள். அந்த மார்ச் மாதம், வெளியே பனி அழுக்காகிக் கிடந்த ஒரு நாள், அவர்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துக் கேட்டாள். உரத்துக்கு ஆர்டர் எடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். ஃப்ரீடா உருளைக்கிழங்குச் சூப்பில் மாவை விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறுவதற்காக ஜன்னல் ஓரத்தில் கூகன் வைத்திருந்தாள். அடியில் ரொட்டி மாவும் மேலே பாலேடும் கொடிமுந்திரியும் போட்டுச் சுடுகிற அந்தப் பலகாரம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை.

“வடக்கு நிலத்த என்கிட்ட விடுங்கப்பா. நானே பாத்துக்கறேன். எம்பேர்ல.”

காட்லீப் ஒரு விதையை உடைத்தார். “உன்பேர்லயா.”

“ஆமா. என்பேர்லதான்.”

“எவ்வளவு எடுப்ப?”

“குட்டைக் கோதுமை போட்டு, தழைச்சத்து ஏக்கருக்குத் தொண்ணூறு பவுண்டு இறக்கினா அம்பது புஷல் எடுக்கலாம்.”

புஷல் என்பது எங்கள் தானிய அளவு; அவர் வாழ்நாளில் அந்த நிலத்தில் ஏக்கருக்கு முப்பத்திரண்டைத் தாண்டியதில்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

“சரி. அம்பது காட்டு. காட்டினா எழுதித் தர்றேன். காட்டலன்னா பக்கத்து நெலத்து மில்பர்ட்டுக்குக் குத்தகைக்கு விட்டுருவேன். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான் அவன். ” என் பக்கம் திரும்பினார். “எல்மரு, நீ சாட்சி.”

ஆர்டெல்லா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

“ஆனா குட்டை கிட்டைனு பேசக்கூடாது,” என்றார். “நம்ம வெதைதான். எங்கப்பா காலத்துலேர்ந்து ஆளு மார் ஒசரம் வளருது. நாப்பது மாட்டுக்குப் பனிக்காலத்துல கீழ என்னத்த விரிப்ப? உன் குட்டைக் கோதுமை முழங்காலுக்கு நிக்குது. அதுல வைக்கோலு எங்க இருக்கு?”

“வைக்கோல வித்தா சாப்பிடறோம்? கதிர்ல இருக்குப்பா, கதிர்ல.”

“எல்மரு, நீ வைக்கோலு வாங்குறியா?”

நான் காப்பியைக் குடித்தேன். இந்த மாதிரி வீடுகளில் காப்பி மிகவும் உதவியான பொருள்.

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்க,” என்றாள் ஆர்டெல்லா. “நெட்டைக்குத் தொண்ணூறு பவுண்டு போட்டா என்ன ஆகும்?”

“காத்து வராம இருந்தா நல்லா வெளையும்,” என்றேன்.

“நம்மூர்ல காத்து வராம இருக்குமா?”

“அப்ப முப்பது போடு,” என்றார் காட்லீப். “நான் போடறது அதான். உரக்கடைக்காரன் சொல்றதக் கேட்டு நெலத்துல பணத்தக் கொட்டுறதுக்கு நாம என்ன பேங்க்கா வச்சிருக்கோம்?”

“முப்பது போட்டா முப்பது புஷல்தான் வரும். நீங்க கேட்டது அம்பது.”

“கேட்டேன். நீதானே எடுக்கலாம்னு சொன்ன?”

“குட்டை போட்டா எடுக்கலாம்னு சொன்னேன்.”

இரண்டு பேர் குரலும் ஏறியது. தாடை ஒரே மாதிரி, பிடிவாதமும் ஒரே மாதிரி. ஃப்ரீடா மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் கூகனை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். கத்தியை எடுத்தாள். அந்த வீட்டில் எத்தனை சண்டைகளை அவள் அந்தக் கத்தியோடு வந்து நிறுத்தியிருப்பாள் என்று கணக்கில்லை.

“போதும். வெதை உங்களுது, உரம் அவளுது. ஆளுக்கு ஒண்ணு. அவர் உரத்துல வாய் வைக்கக்கூடாது, நீ வெதையில வாய் வைக்கக்கூடாது. இனிமே இந்த மேசையில இந்தப் பேச்சு வரக்கூடாது.”

சொல்லிக்கொண்டே சரிபாதியாக வெட்டினாள். எந்தப் பாதி பெரிது என்று அளந்து பார்த்தாலும் தெரியாது, அப்படி வெட்டுவாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஃப்ரீடாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இப்போதும் நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. நிலத்தைப் பாதியாக வெட்டியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. ஒரு பாதியில் நெட்டையும் முப்பதும், மறுபாதியில் குட்டையும் தொண்ணூறும் போட்டிருந்தால் இரண்டும் நின்றிருக்கும், எது மேல் என்று ஊரே பார்த்திருக்கும். அவள் நிலத்தை வெட்டவில்லை, யோசனையை வெட்டினாள். அவர் யோசனையில் ஒரு துண்டு, இவள் யோசனையில் ஒரு துண்டு. தனித்தனியாக இரண்டும் சரிதான். சேர்த்தால்தான் விஷம்; உரம் தின்று கனத்த நெட்டைத் தாள் காற்றுக்கு நிற்காது.

ஏப்ரல் கடைசியில் நிலம் காய்ந்ததும் ஆர்டெல்லா அம்மோனியாத் தொட்டிக்காக வந்தாள். வெள்ளைத் தொட்டியை டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவார்கள். கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும், பின்னாலேயே குழாய் வழியாக உரம் ஆவியாக மண்ணுக்குள் இறங்கும். அந்த வருஷம் உரம் விலை ஏறிக் கிடந்தது. அவள் தன் காரை விற்றுவிட்டு வந்திருந்தாள்.

“நெட்டைக்கா இவ்வளவும்? நாப்பத்தஞ்சா போட்டுக்கம்மா,” என்றேன். உரம் விற்கிறவன் சொல்கிற பேச்சு இல்லை அது. ஆனாலும் சொன்னேன்.

கையுறையை மாட்டிக்கொண்டே சிரித்தாள். “நாப்பத்தஞ்சு போட்டா எவ்வளவு வரும்ணே?”

“முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு. நல்ல லாபம் நிக்கும். செலவு குறைச்சல், பயிரும் சாயாது.”

“லாபம் நிக்கும். நெலம் நிக்காதே. அவர் லாபத்தக் கேக்கல, அம்பது கேட்டாரு. லாபம் கேட்டிருந்தா நாப்பத்தஞ்சு போட்டிருப்பேன்.”

தொட்டியின் வால்வைத் திறந்து நிரப்பிவிட்டேன். மூக்கைக் கிழிக்கிற அந்த வாடையில் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

ரோட்டோரத்துக் கடைசிச் சால் ஓட்டும்போது தொட்டி தீர்ந்துவிட்டது. திரும்ப வந்து கேட்டாள். எல்லாத் தொட்டியும் வெளியே போயிருந்தது, மறுநாள் மழை வேறு சொல்லியிருந்தார்கள். “ஒரு கொழு அகலந்தானே, கெடக்கட்டும்,” என்று விட்டுவிட்டாள். ரோட்டோரமாக ஒரு பட்டை மட்டும் உரம் இல்லாமல் போனது.

ஜூனில் அந்த நிலத்தைப் பார்த்திருக்க வேண்டும். பச்சை என்றால் கறுப்பாகத் தெரிகிற பச்சை. வயலுக்குள் இறங்கினால் இலை முட்டியை அறுக்கும். ரோட்டோரப் பட்டை மட்டும் வெளிறிப்போய், சீக்காளி மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் அங்கே வந்ததும் நின்றே விட்டன. மில்பர்ட் இறங்கி, ஒரு தாளைப் பிடுங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அம்பது இருக்கு இதுல,” என்றான்.

அன்று ஆர்டெல்லா சர்ச்சுக்குப் போட்ட உடுப்போடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் பயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் கதிரைத் தொட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

காட்லீப் மறுநாள் கிடங்குக்கு ஆணி வாங்க வந்தார். “தாள் ரொம்ப எளசா போகுது காட்லீப். நெட்டை, அதுவும் இவ்வளவு கனம். காத்தடிச்சா படுத்துரும்,” என்றேன்.

“தெரியுமே.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?”

தோலைத் துப்பினார். “உரம் அவளுது. நான் ஏன் அதுல வாய் வைக்கணும்? ஃப்ரீடா சொன்னா பாரு, அதான் பேச்சு.”

அந்த ஆளை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கெட்டவர் இல்லை. மாடு செத்தால் அழுகிறவர். அன்றைக்கு ஆணி எடை போட்டுக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை நடுவில், கதிர் பால் பிடிக்கிற நேரம், மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே வானம் பச்சையாகிக்கொண்டு வந்தது. எங்களுக்கு அந்த நிறம் தெரியும். காற்று முதலில், மழை பின்னால். புயல் ஓய்ந்து வெயிலும் அடித்துவிட்டது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் மில்பர்ட்டின் குட்டைக் கோதுமை தண்ணீரை உதறிக்கொண்டு நின்றது. காட்லீப் நிலத்தில் நின்றது அந்த ரோட்டோரப் பட்டை மட்டும். அதற்குப் பின்னால் நூற்றறுபது ஏக்கரும் ஈரப் பாய் விரித்த மாதிரி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

மூன்று பேரும் வரப்பில் நின்றார்கள்.

“பாத்தியா,” என்றார் காட்லீப். “உரம் போடாதது நிக்குது.”

ஆர்டெல்லா, “மில்பர்ட்டுது உரம் போட்டதுதான். அதுவும் நிக்குது,” என்றாள்.

“நீ கொறைச்சிருக்கலாம்.”

“நீங்க வெதைய மாத்தியிருக்கலாம்.”

“நான் எதுக்கு மாத்தணும்?”

“தெரியும்ல உங்களுக்கு? இது விழும்னு தெரியும்ல?”

“உனக்குந்தான் தெரியும்.”

“தெரியும். நெலம் வேணுமேனு போட்டேன். நீங்க எதுக்குப் போட்டீங்க?”

அவர் பையில் கைவிட்டு விதையைத் தேடினார். ஃப்ரீடா குனிந்து, விழுந்த தாளைக் கை நிறைய அள்ளி நிமிர்த்திவைத்தாள். கையை எடுத்ததும் அது படுத்தது. திரும்பவும் நிமிர்த்தினாள்.

“ஆளுக்கு ஒண்ணுன்னுதானே கொடுத்தேன்,” என்றாள், யாரிடமும் இல்லாமல். “சமமாத்தானே கொடுத்தேன்.”

“விடும்மா,” என்றாள் ஆர்டெல்லா. “கையி அறுத்துக்கும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த கார்களைத்தான் முதலில் சொன்னேன். அடுத்த ஊர் சர்ச்சிலிருந்துகூட வந்தார்கள். காட்லீப் வேலி ஓரத்தில் நின்றுகொண்டு, கண்ணாடி இறக்கிய ஒவ்வொரு காருக்கும் அந்தப் பட்டையைக் கைகாட்டிக் காட்டிச் சொன்னார். “எங்கப்பா வெதை நிக்குது பாருங்க. கெடுத்தது உரம்.” தன் நிலம் படுத்துக் கிடக்கிறதைக் காட்டிச் சந்தோஷப்பட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஆர்டெல்லா கொட்டகையில் மாடு கறந்துகொண்டிருந்தாள். ரோட்டில் பேசுவது அங்கே வரைக்கும் கேட்கும்.

ஆகஸ்டில் அறுத்தார்கள். படுத்த பயிரை மெஷின் பல்லால் தரையோடு கிளப்பிக் கிளப்பி எடுக்க வேண்டும். கல்லும் மண்ணும் சேர்ந்து வந்தது, பாதி தரையிலேயே கிடந்தது. நடுவில் இரண்டு மழை வேறு. கடைசி வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு படி அள்ளிச் சின்ன வாளியில் கொட்டித் தராசில் தூக்கினேன். நல்ல கோதுமை புஷலுக்கு அறுபது பவுண்டு நிற்கும். இது நாற்பத்தொன்பது. கையில் எடுத்தால் பதர் மாதிரி, சுருங்கிப்போய், சிலது முளையும் விட்டிருந்தது.

“கோழித் தீவனத்துக்குத்தான் போகும் ஆர்டெல்லா.”

“எழுதுங்க.”

ஏக்கருக்கு இருபத்திரண்டு வந்தது. உரம் இல்லாத அந்தப் பட்டை மட்டும் இருபத்தாறு போல இருந்திருக்கும் என்று காட்லீப் பிறகு எல்லோரிடமும் சொன்னார். அது பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை.

அந்த வாரமே நிலத்தை மில்பர்ட்டுக்கு விட்டார், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று பேச்சு. அதற்கு மறுநாள் ஆர்டெல்லா ஒரு பெட்டியோடு ஊருக்குள் வந்து, இரும்புக் கடை மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். எனக்கு எடைமேடைக்கு ஆள் தேவைப்பட்டது. அவளைவிடக் கோதுமை தெரிந்த ஆள் யார் இருக்கிறார்கள்?

அவள் போனதும் நாற்பது மாட்டைக் கறக்க ஆள் இல்லை. காட்லீப்பின் முழங்கால் தாங்கவில்லை, ஃப்ரீடாவால் முடியவில்லை, வெர்னன் போனில் அனுதாபம் சொன்னான். முதல் பனி விழும் முன்னால் மாடு எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார்கள். எந்த வைக்கோலுக்காக நெட்டை விதையைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ அந்த வைக்கோல், வீடு உயரத்துக்குப் போராக, படுக்க மாடு இல்லாமல் கொல்லையில் கறுத்து மக்கியது.

பிப்ரவரியில் ஒரு நாள் மில்பர்ட் கிடங்குக்கு வந்து, அடுப்புப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

“கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு ஆர்டெல்லா. வடக்கு நெலத்துக்கு நீ என்ன போடலாம்னு இருந்த?”

அவள் எழுந்துபோய் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டாள். மாட்டேன் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

“நீ உன் வயல்ல போடற குட்டை அங்க வேணாம். அதவிடக் கொஞ்சம் தாமசமா கதிர் வாங்குற ரகம் ஒண்ணு இருக்கு, அதப் போடு. தாள் கெட்டி. தொண்ணூறு பவுண்டு. தெக்கால பள்ளத்துல மட்டும் எழுபது போதும், அங்க பழைய தொழுவுரம் கெடக்கு. வெதைய ஆழமா எறக்கிராத, குட்டை மொளைச்சு வராது.”

“ரொம்ப நன்றிம்மா.”

“நெலம் என்ன பாவம் பண்ணுச்சு,” என்றாள்.

அடுத்த ஆகஸ்டில் மில்பர்ட்டின் லாரி எடைமேடையில் ஏறியது. பங்குக்காரர் என்ற முறையில் காட்லீப்பும் பக்கத்துச் சீட்டில் வந்து இறங்கினார். அந்த ஒரு வருஷத்தில் மகள் இருக்கிற இந்த அலுவலக அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. வெளியே நின்றபடியே என்னிடம் பேசிவிட்டுப் போவார். அன்று வந்தார், பங்குச் சீட்டு வாங்க வேண்டுமே.

நான் வாளியில் கொட்டித் தூக்கினேன். அறுபத்தொன்று. மணி ஒவ்வொன்றும் சிவப்பாக, உருண்டையாக, பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்.

“எவ்வளவு வரும் போல?” என்றேன்.

“அம்பத்திரண்டு நிக்கும்,” என்றான் மில்பர்ட்.

காட்லீப் ஒரு கை கோதுமையை அள்ளி உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. “பாத்தியா எல்மரு. வெவசாயம்னா இது. எத எவ்வளவு போடணும்னு தெரிஞ்சவன் செஞ்சா இப்படித்தான் இருக்கும்.”

மில்பர்ட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. “இல்லண்ணே. வெதை, உரம், எல்லாம் உங்க பொண்ணு சொன்னதுதான். அவ சொன்னத அப்படியே செஞ்சேன், அவ்வளவுதான்.”

காட்லீப் பையிலிருந்து ஒரு விதையை எடுத்துக் கடைவாயில் வைத்து உடைத்தார். அவசரமே இல்லை.

“சொல்றதுக்கென்னப்பா,” என்றார். “யாரும் சொல்லலாம். செஞ்சு காட்டணும்ல.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஆர்டெல்லா என்னைப் பார்க்காமலே கையைக் கொஞ்சம் உயர்த்தினாள், வேண்டாம் என்று. சீட்டுக் கட்டை இழுத்து, நடுவில் கரித்தாளைச் செருகி, எடையை எழுதினாள். மில்பர்ட்டின் பங்கை எழுதி அவன் பெயரையும் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த சீட்டை எடுத்தாள். நில உடைமைக்காரர் என்ற இடத்தில் பென்சில் முனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பேரு சொல்லுங்க,” என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை முகத்தில். வெளியூர் லாரிக்காரனிடம் கேட்பது போலத்தான் கேட்டாள், பென்சிலை எடுக்காமல் காத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார், மில்பர்ட்டைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் தராசைப் பார்த்தோம். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

“காட்லீப் ஹய்பல்,” என்றார், கீழுதட்டில் விதைத் தோல் ஒட்டியிருக்க.

அவள் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த வண்டியை மேடைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.